குவார்ட்டருக்கு ஒரு கீர்த்தனை

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்துப் பொய் கிடையாது. பொய்யென்றால் வருகிற குறுவைக்கு என் வயலுக்கு மட்டும் தண்ணீர் வராமல் போகட்டும். எனக்கு வயலே இல்லை என்பது வேறு விஷயம்.

ஒரத்தநாட்டுப் பக்கம் பஞ்சநதம் என்றாலே நெல் விலைப் போராட்டம்தான் ஞாபகம் வரும். அன்று காலை கொள்முதல் நிலைய வாசலில் அவர் போட்ட முழக்கத்தில் எடை மிஷின் முள் நாலு கிலோ ஆடியது.

"குறைந்தபட்ச விலை வேணும்! எவன் வித்தாலும், எங்க வித்தாலும், அதுக்குக் கீழ ஒரு பைசா குறையக் கூடாது!"

சாயங்காலம் அந்தத் தொண்டைக்கு வழக்கம்போல ஒரு குவார்ட்டர் ஊற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மனைவி பிரகதாம்பாள் வாசலிலேயே மறித்தாள்.

"ஊதுங்க."

ஊதினார்.

"ஈரப்பதம் பதினேழுக்கு மேல. கொள்முதல் பண்ண முடியாது. களத்துல கிடந்து காஞ்சிட்டு வாங்க."

"ஏண்டி, நான் புருஷனா, நெல்லா?"

"நெல்லுன்னா விலையாவது கிடைக்கும். போன வாரம் தஞ்சாவூர்ல டாக்டர் என்ன சொன்னாரு? கல்லீரல் வீங்கியிருக்கு, இப்படியே குடிச்சா ஆளு தங்க மாட்டாருன்னு சொன்னாரா இல்லையா?" குரல் லேசாக உடைந்தது. உடனே சரிசெய்துகொண்டாள். "இன்னொண்ணும் சொன்னாரு. ஏதோ வெளிநாட்டுல சரக்குக்கும் குறைந்தபட்ச விலை வச்சிருக்காங்களாம். மலிவாக் கிடைக்கலேன்னதும் குடி குறைஞ்சுதாம். நம்ம வீட்டுலயும் இன்னிலேர்ந்து அமல்."

"வையேன்! மகன் சிங்கப்பூர்லேர்ந்து அனுப்பறான், எவ்வளவு வேணா வை!"

"பணத்துல இல்லீங்க. எங்க அண்ணன் திருவையாத்துல பாட்டு கத்துக்கிறாருல்ல? குவார்ட்டருக்கு ஒரு கீர்த்தனை. உக்காந்து முழுசாக் கேக்கணும். ஆஃப்புக்கு ராகம் தானம் பல்லவி."

பஞ்சநதத்துக்குப் பாதி போதை அங்கேயே இறங்கிவிட்டது. மச்சான் ரிட்டையரான பிறகு பாடக் கிளம்பியவர். அவர் ஆலாபனையைத் தொடங்கினால் காவிரிக்கரைக் கொக்கெல்லாம் கொள்ளிடத்துக்குக் குடிபோகும்.

நாலு நாள் வறண்டு கிடந்தார். ஐந்தாம் நாள், சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருந்த பக்கத்து வீட்டு நடராசன் ஒரு பாட்டிலைக் காட்டிக் கூப்பிட்டான்.

"வாங்கண்ணே, ஓசிதான்."

ஓசி! பஞ்சநதத்துக்குப் பொறி தட்டியது. விலையே இல்லாத சரக்குக்கு ஏது குறைந்தபட்ச விலை? மூன்று கிளாஸ் தள்ளினார். லேசாக இனித்தது. ஃபாரின் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நடராசனுக்கே விளக்கம் வேறு சொன்னார். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, தெருவை அகலவாட்டில் அளந்தபடி வீடு வந்து சேர்ந்தார்.

"பிரகதா! மூணு கிளாஸ்! ஃபாரின்! விலை பூஜ்யம்! உன் சட்டத்துல ஓட்டை!"

"எவன் வித்தாலும், எங்க வித்தாலும், ஒரு பைசா குறையக் கூடாது. யாருங்க சொன்னது?"

"...நான்தான்."

"மூணு கிளாஸுன்னா ஆஃப்புக்குக் குறையாது. ஞாயித்துக்கிழமை கிளம்புங்க."

ராகம் ஒன்றரை மணி நேரம். தானம் முக்கால். பல்லவி முடிந்துவிட்டதா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. "பலே" சொல்லிச் சொல்லியே, எந்தப் போராட்டத்திலும் கட்டாத தொண்டை கட்டிக்கொண்டது. திரும்பும் பஸ்ஸில், மச்சான் குரல் இருக்கிறவரை ஒரு சொட்டு தொடுவதில்லை என்று பிரகதாம்பாள் கையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

கையை விடாமலே அவள் மெதுவாகச் சொன்னாள்: "கோவிச்சுக்காதீங்க. நீங்க ஓட்டை தேடுவீங்கன்னு எனக்குத் தெரியும். நடராசன்கிட்ட அந்த பாட்டிலைக் குடுத்ததே நான்தான். உள்ள இருந்தது நன்னாரி சர்பத்து."

"அப்போ... நான் தள்ளாடினது?"

"அது உங்க சொந்தச் சரக்குங்க."

இது நமக்குள் இருக்கட்டும். யார் சொன்னார்கள் என்று கேட்டால் என் பேரை மட்டும் எடுத்துவிடாதீர்கள். மச்சானுக்குக் கேட்க ஆள் பற்றவில்லையாம். என் விலாசம் இன்னும் அவரிடம் இல்லை.