ஹங்கேரிக் கவிஞருக்குத் தாங்கள் செய்துவைத்த கல்யாணம்

கிழக்கேகோட்டை,
திருவனந்தபுரம்,
14-11-1953.

மகாகனம் பொருந்திய பத்திராதிபர் அவர்கள் சமூகத்துக்கு, பென்ஷன் பெற்ற மொழிபெயர்ப்பு குமாஸ்தா ஞானசிகாமணி நமஸ்காரம். தாங்களும் தங்கள் கத்தரிக்கோலும் க்ஷேமமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

தீபாவளி மலரில் வந்த என் கட்டுரை விஷயம். முந்நூற்றைம்பது வருஷத்துக்கு முன் ஹங்கேரி தேசத்தில் மிக்ளோஷ் என்றொரு கவிஞர் இருந்தார், நன்றாக எழுதுகிறவன் நன்றாகப் பேசவும் செய்வான் என்று நம்பி அவருடைய பிரபு அவரைத் துருக்கி சுல்தானிடம் தூது அனுப்பினார், பிறகு பிரபுவே ஒப்பந்தத்தை மீற, சுல்தான் தூதரைப் பிடித்துச் சிறையில் போட்டார், கவிஞர் சிறையிலிருந்தே பதினோரு வருஷம் பிரபுவுக்குக் கடிதம் எழுதினார், பாட்டாகவும் எழுதினார், பதில் ஒரே தடவை வந்தது, அதிலும் கையெழுத்து அழகாயிருக்கிறது என்று மட்டும் கண்டிருந்தது, அங்கேயே செத்தார். செல்லரித்த ஒரு இங்கிலீஷ் புத்தகத்தை வைத்துக்கொண்டு மூன்று வருஷம் பாடுபட்டு இதை எழுதினேன்.

பழவங்காடி வாசகசாலையில் நாற்பது பேர் முன்னால் மலரைப் பிரித்து வாசித்தேன். அன்றுதான் தபாலில் வந்ததால் முன்கூட்டிப் பார்க்கவில்லை. சிறைக் கட்டத்தில் குரலைத் தாழ்த்திப் பக்கத்தைப் புரட்டினால், நான் எழுதவே எழுதாத சுல்தானின் மகள் சாவியோடு வருகிறாள்! நிறுத்த வெட்கப்பட்டு வாசித்துக்கொண்டே போனேன். குதிரை, கப்பல், ஹங்கேரியில் நாதஸ்வரத்தோடு கல்யாணம். நாதஸ்வரம், ஐயா! என் கண்ணில் நீர் வந்துவிட்டது. அரிசி வியாபாரி தாணுலிங்கம் எழுந்து, "சாரே, கல்யாணம் ஜோராயிட்டு இருந்து. பின்னே எதுக்கு சாரே அழுகை?" என்றார். சபை கைதட்டிற்று. எனக்கு மாலை வேறு போட்டார்கள். அந்த மனுஷன் பதினோரு வருஷம் கிடந்ததுக்குத் தமிழில் சாட்சி சொல்ல நான் ஒருத்தன்தானே இருந்தேன், அதையும் பண்டிகைக்கு ஆகாதுன்னு அழிச்சுப்போட்டீங்களே. முப்பத்திரண்டு வருஷம் எத்தனையோ மேலதிகாரிகளுக்கு மொழிபெயர்த்தேன்; ஒருவர்கூடச் செத்தவனுக்குப் பெண் பார்க்கச் சொன்னதில்லை.

ஆகவே, கவிஞர் கல்யாணமாகாமல் சிறையிலேயே இறந்தார் என்று அடுத்த இதழில் கொட்டை எழுத்தில் மறுப்புப் போட வேண்டியது.

ஸ்ரீ பத்மநாபன் தங்கள் குடும்பத்தார்க்கு உடனேயும், தங்களுக்குச் சற்றுத் தாமதமாகவும் சகல நன்மைகளும் அருளட்டும்.

இப்படிக்கு,
ஞானசிகாமணி

பி.கு.: என் மகள் மங்கலத்தைப் புருஷன் வீட்டார் கொண்டுவந்து விட்டு ஒன்பது மாதமாகிறது. அன்றுமுதல் யாரிடமும் பேசுவதில்லை. இதை ஒட்டும் சமயத்தில் மலரும் கையுமாக வந்து நின்று, "அப்பா, பொறவு அவங்களுக்குப் பிள்ளைகள் உண்டுமா?" என்று கேட்டாள். உண்டு, இரண்டு பெண்கள் என்று சொல்லிவிட்டேன். மறுப்புப் போட வேண்டாம். பெயர்கள் என்னவென்று கேட்கிறாள். தங்களுக்குத் தெரிந்தால் திரும்பு தபாலில் எழுதவும்.