அடித்தல் திருத்தல் இல்லாமல்

பதிவு தாசில்தார் ஊருக்கு வர நாற்பது நாள்தான் இருந்தது. பஞ்சநதத்தின் ஒரே மகன் வைரக்கண்ணு இன்னும் படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. மணி ஒன்பதரை. அவன் காலடியில் ஜமீனும் படுத்திருந்தது.

ஜமீன் என்பது நாய். குட்டியாக இருந்தபோது கம்பீரம் தெரிகிறதென்று வைத்த பெயர். வளர்ந்ததும் பெயருக்கேற்றபடி தின்பதும் தூங்குவதுமாகிவிட்டது.

பஞ்சநதத்துக்கு விற்றது போக மிஞ்சியது வாய்க்காலோரத்து மூன்று ஏக்கர். அதைப் பதினைந்து வருஷமாகக் குத்தகைக்குச் செய்கிறவன் காத்தான். எல்லாம் வாய்ப்பேச்சு, துண்டுக் காகிதம் கிடையாது. இப்போது புதுச் சட்டம் வந்திருந்தது. தாசில்தார் ஊர் ஊராக வந்து, உழுகிற குத்தகைதாரர் பெயரைச் சர்க்கார் புத்தகத்தில் ஏற்றுவாராம். ஏற்றிவிட்டால் அப்புறம் ஆளைக் கிளப்ப முடியாதாம். போன வாரம் காத்தான் தாலுகா ஆபீஸ் வாசலில் கையில் காகிதத்தோடு நின்றதை நாலு பேர் பார்த்துவந்து சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து பஞ்சநதத்துக்குச் சோறு இறங்கவில்லை.

அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். நிலத்தைச் சொந்த மகனே செய்கிறான் என்று தாசில்தாரிடம் காட்டிவிடவேண்டும். ஆனால் மகன் கை வெண்ணெய் மாதிரி இருந்தது. நடவுக்கும் களையெடுப்புக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், இரண்டுக்கும் பெண்கள் குனிந்திருப்பார்கள் என்றான்.

"யாராச்சும் வேல பழக்கணும்," என்றாள் மனைவி அமிர்தம். "உங்களுக்குத் தெரியுமா?"

பஞ்சநதம் ஏரைத் தொட்டதெல்லாம் சித்திரையில் நல்லேர் பூட்டும் அன்றைக்கு, மஞ்சள் குங்குமம் வைக்கத்தான். அந்த நிலத்தின் மேடு பள்ளம் தெரிந்தவன் ஊரிலேயே ஒருவன்தான். வேறு வழியில்லாமல் அவனையே கூப்பிட்டனுப்பினார்.

காத்தான் வாசலில் வந்து நின்றான். பையனுக்கு ஒழுங்கு வரவேண்டும், அவ்வளவுதான் என்றார் பஞ்சநதம். தாசில்தாரைப் பற்றி மூச்சு விடவில்லை. காத்தான் பையனைப் பார்த்தான். நாயைப் பார்த்தான்.

"ரெண்டு பேரையும் அனுப்பி வைங்க அய்யா. இருந்த எடத்துக்கே சோறு வந்தா, புள்ளயும் தூங்கும், நாயும் தூங்கும். அதுங்க குத்தமில்ல."

காத்தானுடைய பாடம் எளிது. ஜமீனின் சோற்றுருண்டையை வாய்க்காலுக்கு அக்கரையில் வைத்தான். வைரக்கண்ணுவின் தூக்குவாளியையும் பக்கத்திலேயே வைத்தான். முதல் நாள் இருவரும் இக்கரையில் உட்கார்ந்து ஏங்கினார்கள். இரண்டாம் நாள் நாய் நீந்தியது. மூன்றாம் நாள், தன் பங்கை முடித்துவிட்டு அது தூக்குவாளியை முகர்வதைக் கண்டு வைரக்கண்ணுவும் குதித்தான்.

பத்து நாளில் ஜமீனுக்கு இடுப்பு தெரிந்தது. செருப்புக் காலோடு வரப்பேறுகிற எவரையும் விடாதே என்று காத்தான் அதற்கு ஒரே சட்டம் சொல்லிக்கொடுத்திருந்தான். வயலில் வேலை செய்கிறவர்கள் செருப்போடு வருவதில்லை, வந்தால் அந்நியன். வைரக்கண்ணு ஏரோடு விழுந்து, எழுந்து, மறுபடி பிடித்தான். அவன் இரண்டாம் தடவை சோறு கேட்டபோது அமிர்தம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பஞ்சநதத்துக்கு வேறு கவலை வந்தது. சாப்பிடும்போது மகன் பேச்சோடு பேச்சாக, "காத்தான் அண்ணே" என்றான். அந்த வீட்டில் யாரும் அதுவரை சொல்லாத சொல்.

"அண்ணனா?"

"என்னைவிட மூத்தவர்தானேப்பா."

இவன் அந்தப் பக்கம் சாய்கிறான் என்று பயந்து, பஞ்சநதம் ஒழுங்கை இன்னும் இறுக்கினார். தினம் சாயங்காலம், வயலில் நடந்ததைத் தேதி போட்டு இரண்டு பக்கம் எழுதவேண்டும். ஒருநாளும் விடக்கூடாது, அடித்தல் திருத்தல் கூடாது. தாசில்தாரிடம் காட்ட அதைவிட நல்ல சாட்சி ஏது? எழுதி முடித்ததும் நோட்டை வாங்கிப் பக்கத்தை எண்ணுவார். வரி கோணாமல் இருக்கிறதா என்று எட்டப் பிடித்துப் பார்ப்பார். படிக்கமாட்டார். கண்ணில் புரை. அதை ஒப்புக்கொள்ளவும் மாட்டார்.

நாற்பதாம் நாள், வானம் மூடிக்கிடந்த காலையில், தாசில்தாரும் குமாஸ்தா பக்கீர் முகம்மதுவும் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். பஞ்சநதம் சலவை வேட்டியும் புதுச் செருப்புமாக முன்னால் நடந்து, வரப்பில் காலை வைத்தார்.

ஜமீன் உறுமியது.

"டேய், நான்டா," என்றார். அது பல்லைக் காட்டியது. சட்டம் ஆளைப் பார்க்கவில்லை. பின்வாங்கியதில் ஒரு செருப்பு சேற்றோடு போயிற்று. தூரத்தில் வைரக்கண்ணுவோடு நின்ற காத்தான் ஒரு சீழ்க்கை அடித்தான். நாய் உட்கார்ந்துவிட்டது.

தாசில்தார் சிரிக்கவில்லை. "நாய் யாருது?"

"நம்மதுங்க."

"நிலம்?"

"அதுவும் நம்மதுங்க."

சொன்ன பிறகுதான் அது எப்படி ஒலிக்கிறது என்று அவருக்கே உறைத்தது. பதறிப்போய் அக்குளில் இடுக்கியிருந்த நோட்டை எடுத்து நீட்டினார். பையன் கைப்பட எழுதியது, ஓர் அடித்தல் கிடையாது என்றார்.

எழுத்து மணிமணியாக இருந்ததால் தாசில்தாருக்கு ஒரு சொல்லும் தப்பவில்லை. வாய்விட்டே படித்தார்.

"ஆடி மூன்று. நடவுக்காகக் காத்தான் அண்ணன் மேலத்துண்டில் பரம்படித்துச் சேற்றைச் சமன்படுத்தினார். நான் கூட நின்று பழகினேன். எப்படி ஒவ்வொரு மடையும் தெரிகிறது என்று கேட்டேன். பதினைந்து வருஷமாக நமக்குக் குத்தகை நெல் அளந்து இந்த நிலத்தைச் செய்வதாகச் சொன்னார்."

நோட்டை மூடினார். "நீ எழுதினதா தம்பி?"

வைரக்கண்ணு நிமிர்ந்து நின்றான். நாற்பது நாளைக்கு முன்னால் அவனுக்கு அப்படி நிற்க வராது. "ஆமாங்க. ஒருநாளும் விடாம எழுதணும்னு அப்பா சொன்னாங்க."

"புள்ளய நல்லா வளர்த்திருக்கீங்க," என்று பஞ்சநதத்திடம் சொல்லிவிட்டு, தாசில்தார் காத்தானைக் கூப்பிட்டார். சர்க்கார் புத்தகத்தில் தன் பெயர் ஏறிய இடத்தில் காத்தான் கைநாட்டு வைத்தான்.

பஞ்சநதம் ஒற்றைச் செருப்போடு வரப்பு முனையில் நின்றார். இனி அந்த மூன்று ஏக்கர் பேருக்குத்தான் அவருடையது. மகன் அவர் பக்கம் வரவில்லை. நாயும் வரவில்லை. காகிதங்களைக் கட்டிக்கொண்டிருந்த குமாஸ்தாவிடம் போய், காத்தான்தான் முன்னாலேயே மனுப் போட்டுவிட்டானே, நாம் தலைகீழாக நின்றிருந்தாலும் இதுதானே நடந்திருக்கும் என்று ஆறுதலுக்குக் கேட்டார்.

பக்கீர் முகம்மது பேனாவை மூடினார்.

"அவரு எங்க மனுப் போட்டாரு? அன்னைக்கு ஆபீசுக்கு வந்தது மக படிப்புக்கு சர்டிபிகேட் வாங்கங்க. நீங்க இந்த நோட்டக் குடுக்கலன்னா, இங்க குத்தகைதாரரே கிடையாதுன்னு எழுதிட்டு நாங்க ஜீப்புல ஏறியிருப்போம்."