மேடையில் நின்றவன் நான்தான், ஐயா

பெருமதிப்புக்குரிய வார இதழ் ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, தொலைபேசிக் கம்பம் ஏறிப் பிழைக்கும் வாசகன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், என் வீட்டுக்காரி, என் ஏணி மூவரும் சுகம். அங்கே உங்கள் சுகமும் உங்கள் அச்சு இயந்திரத்தின் சுகமும் அறிய ஆவல். இயந்திரத்துக்குச் சுகமில்லை என்றே நினைக்கிறேன். இருந்திருந்தால் இப்படியொரு பொய்யை அடித்துத் தள்ளியிருக்காது.

போன வாரம் அந்தப் பெரிய பாடகரின் பட்டாள வாழ்க்கையைப் போட்டிருக்கிறீர்கள். போர்க்காலத்தில் முகாம் மேடையில் சிங்கம்போல நின்று முதல் பாட்டைப் பாடினாராம், கூட்டமே எழுந்து நின்றதாம். சிங்கமா? அதே பட்டாளத்தில் இருந்த நாங்கள் அவரை ஈர்க்குச்சி என்று கூப்பிடுவோம். காற்றடித்தால் கூடாரத்தோடு சேர்த்து அவரையும் கட்டி வைக்க வேண்டும். அந்த மேடையில் நின்றது அவர் இல்லை ஐயா, நான். உங்கள் கட்டுரையை என் வீட்டுக்காரி உரக்கப் படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவள் முகாமுக்கு ரொட்டி போட்டவரின் மகள், அன்றைக்கு முன்வரிசையில் இருந்தவள், அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் என்னைக் கட்டிக்கொண்டவள். அதற்குப் பிறகு ஏன் பாடுவதில்லை என்று அவள் கேட்கும்போதெல்லாம், குண்டுப் புகையில் தொண்டை போய்விட்டது என்று இருபத்தெட்டு வருடமாகச் சொல்லி வருகிறேன். பக்கத்தில் இருந்த அவள் தம்பி சும்மா இருப்பானா? "அத்தான், அப்ப அந்த மேடையில நீங்க யாரு? மைக் ஸ்டாண்டா?" என்கிறான். வயிறு எரியுமா எரியாதா?

நடந்ததைச் சொல்கிறேன். எங்களுக்குப் போன் கம்பி இழுக்கும் வேலை. நான் கம்பத்தின் மேலே காதில் ஒரு போனோடு, ஈர்க்குச்சி கீழே கூடாரத்தில் இன்னொரு போனோடு. கம்பியில் உயிர் இருக்கிறதா என்று எனக்குத் தெரிய அவர் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்று, இரண்டு என்று ஆயிரம் வரைக்கும் எண்ணுவார். "டேய், எண்ணி எண்ணி என் காதுல எறும்பு ஊருதுடா, எதையாவது பாடித் தொலை" என்றது யார்? நான். பாடினார். கம்பி எல்லாக் காவல் சாவடிக்கும் போகிறதல்லவா, அத்தனை பேரும் போனைக் காதில் ஒட்டவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஒருநாள் தோட்டா கேட்கப் போனை எடுத்த கேப்டனுக்குக் காதல் பாட்டு கிடைத்தது. எங்களை வரிசையில் நிறுத்தி, "போன்ல பாடுனவன் எவன்டா?" என்று ஒரு கத்து. ஈர்க்குச்சி மெல்ல என் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தார். பூட்ஸைத் தொலைத்து ஏற்கெனவே ஒரு தண்டனை வாங்கியவர், இன்னொன்று வந்தால் விடுப்பு போச்சு. மூன்று நாள் உருளைக்கிழங்கு உரிப்பதுதானே என்று நான் முன்னால் வந்து, "நான்தான் சார்" என்றேன். அந்த ஆள் தோளில் தட்டி, "பிரமாதம்டா! ஞாயித்துக்கிழமை தளபதி வர்றாரு, நீதான் பாடுற" என்கிறான்! போர்க்காலத்தில் கேப்டனிடம் பொய் சொன்னேன் என்று சொன்னால் தோலை உரித்துவிடுவான். அப்புறம் என்ன, லாரிகளைச் சேர்த்துப் போட்ட மேடையில் நான், பின்னால் தொங்கிய கித்தான் துணிக்கு அந்தப்பக்கம் அவர். அவர் பாட, நான் வாயசைத்தேன். இரண்டு சரணம் என்றுதான் பேச்சு. கைதட்டலைக் கேட்டதும் ஈர்க்குச்சி ஐயாவுக்குக் குஷி பிறந்து மூன்றாவதுக்குத் தாவிவிட்டார். நானோ வாயை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறேன், பாட்டு பாட்டுக்குப் போகிறது! தளபதி, "மூடுன வாயாலேயே பாடுறான்யா!" என்று எழுந்து நின்றார். தளபதி எழுந்தால் மற்றவன் உட்கார்ந்திருப்பானா? நீங்கள் அச்சடித்த மரியாதை அதுதான்.

போர் முடிந்ததும் அவர் சினிமாவுக்குப் போய், முன்னால் ஒரு ஆளை நிறுத்துங்கள், பின்னாலிருந்து பாடுகிறேன் என்றாராம். எங்கே கற்ற வித்தை? அவர் முதலில் குரல் கொடுத்தது நீங்கள் படம் போட்ட அந்தக் கதாநாயகனின் வாய்க்கு இல்லை, இந்த வாய்க்கு. ஆகவே அடுத்த இதழில், "அன்று மேடையில் நின்றவர் ஒரு கம்பத்துக்காரர்" என்று திருத்தம் போட வேண்டும். அவ்வளவுதான் போட வேண்டும். கித்தான் சமாசாரம் உங்களோடு இருக்கட்டும். வீட்டுக்காரிக்குத் தெரிந்தால் என் இருபத்தெட்டு வருடக் குடித்தனம் சந்தி சிரித்துவிடும்.

உங்கள் பேனாவில் மையும் உங்கள் நெஞ்சில் கொஞ்சம் வெட்கமும் வற்றாமல் ஊற வாழ்த்தும்,
கம்பத்துக்காரன்.

பி.கு.: என் எழுத்து கோழி கிண்டிய மாதிரி இருக்கும் என்பதால் உறைமேல் முகவரி எழுத அவளிடம் கொடுத்தேன். மகராசி உள்ளே இருந்ததையும் படித்துவிட்டாள். "அன்னிக்கு ரெண்டாவது வரி பாடுறப்பவே எனக்குத் தெரியும். பாட்டு 'ஊ'ன்னா உங்க வாய் 'ஆ'ன்னுச்சு" என்றாள். பின்னே ஏன்டி என்னைக் கட்டிக்கொண்டாய் என்றேன். "பாட்டு முடிஞ்சதும் ரொட்டிக் கூடையை எடுக்க மேடைக்குப் பின்னால வந்தேன். மூணாவது சரணம் பாடி உங்களை மாட்டி விட்டுட்டோமேன்னு ஈர்க்குச்சி பயத்துல அழுதுட்டு இருந்தாரு. தளபதி உங்களுக்குக் குடுத்த பிஸ்கட் டப்பாவை அவரு கையில வச்சு, 'அழாதடா, இது உன் தொண்டைக்கு வந்தது'ன்னு சொன்னீங்க. உங்க பாட்டை யாருங்க கேட்டா?" இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்றதற்கு, "தொண்டை போன கதையை நீங்க சொல்றப்போ பாக்கவே அழகா இருக்கும், அதைக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்" என்றாள். ஆகவே ஐயா, திருத்தம் வேண்டாம். மேடையில் அவரே நின்றுவிட்டுப் போகட்டும். என் பொய்யைக் கேட்க எனக்கு வீட்டிலேயே ஆள் இருக்கிறது, பாவம், அவருக்கு நீங்கள்தான் இருக்கிறீர்கள்.