கொடி தூக்காத வெர்லின்

மூன்றாவது முறையாக அதே குப்பைத் தொட்டியின் எதிரே வந்து நின்றார் வெர்லின் டோலெஃப்சன். அவர் வயல், அவர் மக்காச்சோளம், ஜனங்கள் காசு கொடுத்து வழி தேடி விளையாட ஜூன் மாதம் டிராக்டரில் உட்கார்ந்து அவரே வெட்டிய புதிர்ப்பாதை. போதாக்குறைக்கு இன்று திறப்பு விழா. ஊரில் பாதிப் பேர் வாசலில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

வழி தெரியாதவர்கள் தூக்கிக் காட்டினால் ஆள் வந்து கூட்டிப்போக, உள்ளே போகும் எல்லோருக்கும் நீளக் கழியில் ஒரு கொடி தருவது வழக்கம். வெர்லின் கையிலும் ஒன்றைத் திணித்திருந்தாள் மனைவி ஆர்டிஸ்.

"எனக்கெதுக்கு? கண்ணைக் கட்டிவிட்டாலும் வந்துருவேன்."

"பாக்கலாம். நீ கொடியைத் தூக்கினா குளிர்காலம் பூரா விடியக்காலக் கறவை உன்னோடது. நான் போர்வைக்குள்ள."

"தூக்காம வெளிய வந்துட்டா உன்னோடது. சரியா?"

விஸ்கான்சினில் ஜனவரி மாத விடியலில் மாட்டுக்கொட்டகை எப்படி இருக்கும் என்பது மூக்கு விறைத்தவனுக்குத்தான் தெரியும். வெர்லின் கொடியை அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

'சோளத்தை ஒடிக்காதீர்கள்' என்று பலகை எழுதி வைத்தவரும் அவர்தான். இப்போது ஒடித்துக்கொண்டு நேராக நடந்தார். நேராகப் போனால் எங்காவது முடிந்துதானே ஆகவேண்டும்? ஒரு சின்னப் பள்ளத்தைத் தாண்டியதும் பாதையே காணோம். இங்கே இவ்வளவு குறுகலாகவா வெட்டித் தொலைத்தோம் என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

பின்னால் பேச்சுச் சத்தம். நாலைந்து குடும்பங்கள்.

"சார், இதானே வழி?"

"இதேதான்."

"ஓனரே சொல்லிட்டாரு, எல்லாரும் வாங்க."

கூட்டம் சேர்ந்துவிட்டது. கறவை நேரமும் நெருங்கியது. அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. மாட்டுக்குக் கொட்டகைக்குப் போகும் வழி தெரியாமல் போகுமா? கூப்பிட்டு, அதன் பின்னாலேயே போய்விட்டால் ஆயிற்று.

கையைக் குவித்து, தினமும் மாடுகளைக் கறவைக்கு அழைக்கும் குரலைக் கொடுத்தார். "கம்ம்ம் பாஸ்..."

மேய்ச்சல் நிலத்து வேலிக் கம்பி டங்கென்று அறுந்தது. நாற்பது மாடுகள் சோளத்தைச் சாய்த்துக்கொண்டு ஓடிவந்து, அவரைச் சுற்றி நின்று, அவர் முகத்தையே பார்த்தன. தினமும் அவர் முன்னால் போவார், அவை பின்னால் வரும். இன்றைக்கு மட்டும் மாற்றிக்கொள்ளுமா என்ன?

"போங்கடி. வீட்டுக்குப் போங்கடி."

ஒருத்தி அவர் தொப்பியை நக்கினாள்.

"மாட்டு ஊர்வலமும் உண்டா? யாரும் சொல்லவே இல்லையே," என்று ஓர் அம்மாள் பூரித்துப்போனாள்.

வேறு வழி? வெர்லின் முன்னால் நடந்தார். பின்னால் மாடுகள், மாடுகளுக்குப் பின்னால் ஜனம். யாரோ பாட்டு எடுத்துவிட, எல்லோரும் கைதட்டிச் சேர்ந்துகொண்டார்கள். போன வழியெல்லாம் தேர் போகிற அகலத்துக்குச் சோளம் படுத்துவிட்டது.

கடைசித் தட்டையை விலக்கினார். வெளிச்சம். தார் ரோடு. ரோட்டோரம் வண்டியை நிறுத்திவிட்டுப் பக்கத்துப் பண்ணைக்காரர் ஓர்வில் நின்றுகொண்டிருந்தார்.

"ஓர்வில், நீதான் சாட்சி. கொடியைத் தூக்காமலே வெளிய வந்துட்டேன். ஆர்டிஸ்கிட்ட வந்து சொல்லணும்."

ஓர்வில் மாடுகளைப் பார்த்தார், ஜனத்தைப் பார்த்தார், படுத்துக்கிடந்த சோளத்தைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"தாராளமா சொல்றேன், வெர்லின். உன் வயலை விட்டு நீ வெளிய வந்து ஒரு மணி நேரமாச்சு. அதுக்கப்புறம் மிதிச்சதெல்லாம் என் சோளம்."