நாலாவது மெழுகுதிரி

பலெர்மோவில் வெள்ளிக்கிழமைகளில் சூரியன் நெருப்புப்பெட்டி சிஞ்ஞோராவைக் கேட்டுத்தான் இறங்கும். சீசா என்ற பகுதியில் நாலாம் மாடியில் தனியாக இருந்த யூதக் கிழவி அவர். பட்டப்பெயரை வைத்தவன் என் அறைக்காரன், மன்னார் அன்ரன். அவருக்குச் சமைப்பதும் வீடு துடைப்பதும் என் வேலை.

இறைச்சிக்கு ஒரு சட்டி, பாலுக்கு வேறு சட்டி. ஒருமுறை பால் கரண்டியால் கோழிக்குழம்பைக் கிண்டிவிட்டேன். பார்த்த மாத்திரத்தில் குழம்பு குப்பைக்குப் போனது. அன்றைக்கு இருவருக்கும் பாணும் தக்காளியும்.

வெள்ளி பின்னேரம் முக்காடு போட்டு மூன்று மெழுகுதிரி கொளுத்துவார். இரண்டு அவர்கள் சமய முறைப்படி, ஒன்று மிலானோவிலிருந்த ஒரே மகளுக்கு. அதன்பின், ஓய்வுநாள் என்று, சனி இருட்டும்வரை நெருப்பையும் தொடமாட்டார், சுவிச்சையும் தொடமாட்டார்.

"தனியவே கும்பிடுறியள்?"

"ஆம்பிளையள் கூடிக் கும்பிடப் பத்து யூதர் வேணும். என்ரை மனுசன் இஞ்சை பத்துப் பேரைத் தேடித்தேடியே செத்தவர். பொம்பிளைக்கு ஒரு நெருப்புப்பெட்டி காணும். ஆனா ஒரு வெள்ளி தவறினா, சாகுமட்டும் ஒண்டு கூட்டிக் கொளுத்தவேணும். நான் தவறேல்லை."

சொன்னது இத்தாலிய மொழியில்தான். எனக்கு அது யாழ்ப்பாணத் தமிழில் கேட்டது.

ஒரு வெள்ளி அவர் கதிரையில் தூங்கிவிட்டார். திரைச்சீலை சுடருக்குப் பக்கத்தில் ஆடியது. சாமி விளக்கை வாயால் ஊதக்கூடாது, சொட்டுப் பால் விட்டுக் குளிரவைக்கவேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். பயபக்தியோடு மூன்றுக்கும் விட்டேன்.

கண் விழித்தார். இருட்டு. கோழி வைத்திருந்த மேசையில் பால் வழிந்தது.

"என்னடா செய்தனி?"

"கும்பிட்டுத்தான் நூர்த்தனான், சிஞ்ஞோரா."

திரும்பக் கொளுத்த முடியாது. சுவிச்சைப் போட என்னையும் விடவில்லை. மறுபடியும் பாணும் தக்காளியும், இந்தமுறை தடவித்தடவி.

"வேலை போச்சு மச்சான், பின்னாலை இஞ்சை இருக்க விடுற பெர்மெசோவும் போகும்" என்றான் அன்ரன்.

வேலை போகவில்லை. ஆனால் அடுத்த வெள்ளி மேசையில் நாலு மெழுகுதிரி. நாலாவது என் பிழைக்கு என்று விளங்கியது. கேட்கத் துணிவில்லை. வெள்ளிக்கு வெள்ளி அது எரிய, நான் குனிந்தபடி தரை துடைத்தேன். பெர்மெசோ புதுப்பித்த கையோடு பிரான்காச்சோவில் ஒரு பட்டறைக்கு மாறிவிட்டேன்.

"ஞாயிறிலை வாறன், சிஞ்ஞோரா."

ஒரு ஞாயிறும் போகவில்லை. ஒரே பஸ் தூரம்தான்.

போன மாதம் மகள் தொலைபேசி எடுத்தார். அம்மா போய்விட்டார் என்றார். என் வாய் சும்மா இருக்கவில்லை.

"அந்த நாலாவது மெழுகுதிரி என்னாலைதான்..."

"என்ன கதைக்கிறியள்? கொளுத்தினதோடை அம்மாவின்ரை கடமை முடிஞ்சுது. பிறகு நூர்ந்தா அவ தவறினதாகாது. பிள்ளைக்கு ஒண்டு கொளுத்திறது எங்கடை வீட்டு வழக்கம். நீ மட்டுமில்லை, இஞ்சை இன்னொண்டு இருக்கு, அது பால் ஊத்துற பிள்ளை எண்டு அம்மா என்னட்டைச் சொல்லிச் சிரிப்பா."

நான் விட்டுப் போய் ஒன்றரை வருடம். கடைசி வெள்ளியிலும் நாலுதான் கொளுத்தினாராம்.