கொதிக்க வைத்த சாம்பிள்

காவிரி ஓடத் தொடங்கிய நாளிலிருந்து அதற்கு நடந்த சேவைகளில் தலையாயது ஸ்ரீரங்கத்து 'நீர்த்தூய்மை உறுதி மைய'த்தின் சேவைதான். ஒன்பது ஆண்டுகளாக அங்கு வந்த எந்தத் தண்ணீரிலும் உயிரோடு ஒரு கிருமிகூடத் தென்பட்டதில்லை. இயக்குநர் வெங்கட்ராகவன் வெற்றுப் படிவங்களில் திங்கள்தோறும் கட்டாகக் கையெழுத்துப் போட்டு வைத்துவிடுவார். அவ்வளவு நம்பிக்கை.

கனிஷ்கா அங்கே ஆய்வக உதவியாளராகச் சேர்ந்த மூன்றாம் நாளே இதற்குக் கேடு வந்தது. பாலக்கரையில் அவள் தெருவில் பதினோரு பேருக்கு வயிற்றுப்போக்கு. அக்கா மகன் புத்தூர் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு கிடந்தான். மையம் 'கிருமி உண்டு' என்று எழுதினால்தான் மாநகராட்சிக்காரர்கள் குழாயைத் தோண்டுவார்கள். தெருக்குழாய்த் தண்ணீரை அவளே பிடித்துவந்து மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். செருப்பு வடிவத்தில் ஒரு கூட்டமே நீந்தியது. பாரமீசியம். சாக்கடை கலந்த இடத்தில் கொழிப்பது.

"சார், செருப்பு மாதிரி ஓடுது. வந்து பாருங்க."

"செருப்புன்னு சொல்லாதேம்மா. பாதுகைன்னு சொல்லு. காவேரி தீர்த்தத்துல பாதுகை தெரிஞ்சா சேவிச்சுக்கணும்."

"சேவிச்சாச்சு சார். ரிப்போர்ட்ல எழுதவா?"

"சாம்பிளைக் கொதிக்க வெச்சியோ?"

"எதுக்கு சார்?"

அவர் இரக்கத்தோடு பார்த்தார். "பச்சைத் தண்ணில கிருமி இருக்கும்மா. ஸ்டாஃபுக்கு ஒட்டிண்டா யார் பொறுப்பு? இருபது நிமிஷம் தளதளன்னு கொதிச்சப்புறம்தான் டெஸ்ட். பாதுகாப்பு நடைமுறை."

"எங்க வீட்லயே முதல் டிகிரி நான்தான் சார். வெந்நீர் போடவா படிச்சேன்?"

"டிகிரி படிச்சும் வெந்நீர் போடத் தெரியலேன்னா எப்படிம்மா?"

போட்டாள். நீந்தியதெல்லாம் அடங்கியது. 'கிருமி இல்லை. பருக உகந்தது' என்று நிரப்பி அவர் மேசையில் வைத்தாள். பக்கத்தில் ஒரு டம்ளர்.

"என்னதும்மா இது?"

"நாம இப்ப பாஸ் பண்ண தண்ணி சார். ஒரு வாய் குடிங்க."

"காய்ச்சினதோ?"

"இல்ல சார். பாலக்கரையில எப்படிக் குடிக்கிறாங்களோ அப்படியே."

அவர் சுண்டுவிரலால் டம்ளரை மேசையோரம் வரை தள்ளினார். பிறகு அந்த விரலைச் சானிடைசரில் கழுவினார்.

கனிஷ்கா திரும்பி வந்து அந்த ரிப்போர்ட்டைக் கிழித்தாள். கையெழுத்திட்ட கட்டிலிருந்து புதிதாக ஒன்றை உருவி நிரப்பி, குழாய் தோண்டுகிற அலுவலகத்துக்கே அனுப்பினாள்.

'கிருமி: உண்டு. கண்டறிந்த கருவி: இயக்குநரின் சுண்டுவிரல். மைக்ராஸ்கோப்பைவிடத் துல்லியமானது. ஒன்பது ஆண்டுகளாகப் பழுதின்றி இயங்குகிறது. அவர் குடிக்கும் தண்ணீருக்கு மட்டும்.'