டீமேக்கரின் போய்ச்சேராத சுரவரிசை

மாட்டுப்பட்டிக்கு மேலே எங்கள் எஸ்டேட்டில் அத்தனை பேர் நிம்மதியையும் ஒற்றை ஆளாகக் கெடுத்தவர் டீமேக்கர். துரைமார்கள் எத்தனையோ பேர் முயன்றும் முடியாத காரியம் அது.

தேயிலைத் தொழிற்சாலை அவர் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயில் பியானோவும் அவர் பொறுப்பு. சீமைக்குத் திரும்பிய துரை ஒருவர் விட்டுப்போன பியானோ. ஈரம் ஏறாமலிருக்க அதன் வயிற்றுக்குள் எப்போதும் ஒரு பல்பு எரியும். கொழுந்து பறிப்பவர்களின் லைன் வீடுகளுக்கு இன்னும் கரண்ட் வரவில்லை, பியானோவுக்கு வந்துவிட்டது.

துரையின் இசைத்தாள்களில் டீமேக்கர் ஒரு விபரீதமான சுரவரிசையைக் கண்டெடுத்தார். மூன்று வெள்ளைக் கட்டை, மூன்று கறுப்புக் கட்டை. ஆறுக்கும் நடுவே ஒரே இடைவெளி. மற்ற சுரவரிசைகள் ஏறி இறங்கி வீட்டுக்கு வந்துவிடும். இதற்கு வீடே கிடையாது. யாரோ உட்கார்ந்து யோசித்துச் செய்தது, தானாக விளைந்ததல்ல என்று அவரே பெருமையாகச் சொல்வார். ஆறு சுரத்துக்கு ஐந்து விரல்தானே, கட்டைவிரலை எங்கே நுழைப்பது என்று ஆபீசில் ஹெட்கிளார்க்கான என் மேசைமேல் தட்டிப் பார்ப்பார். சாயங்காலம் கோயிலில் பழகினால் மாடு பால் சுரக்கவில்லை என்று புகார் வரும். சபைக் கமிட்டி கூடியது. பியானோவை நிறுத்துவதா, அவரை நிறுத்துவதா என்று விவாதித்து, டீ குடித்துக் கலைந்தது.

என் மகளுக்குக் குமுளியில் மாப்பிள்ளை அமைந்தது. எனக்குத் தூக்கம் போயிற்று. டீமேக்கரைத் தேடிப் போனேன்.

"தம்பி, கல்யாணத்தன்னைக்கு மட்டும் அது வேண்டாம்யா."

"நான் என்ன கோட்டிக்காரனா அண்ணாச்சி?"

அந்தச் சந்தேகம்தான் எனக்கு.

எங்கள் கோயில் வழக்கம் இது: மாப்பிள்ளையின் ஜீப் வந்ததும் மணியடிப்பார்கள். பியானோவில் பவனிப் பாட்டு தொடங்கும், சபை பீடத்தைப் பார்த்து எழுந்து நிற்கும், பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து உள்ளே வருவார்கள். பியானோ ஓய்ந்தால் சபை உட்காரும். அன்று ஊரை மூடிய மஞ்சுக்குள் ஹாரன் சத்தம் கேட்டது, மணியடித்துவிட்டார்கள். வந்தது வட்டவடையிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றி வந்த ஜீப்.

பவனிப் பாட்டு கடைசி வரிக்கு வந்துவிட்டது. வாசலில் என் மகள் பூச்செண்டோடு தனியாக நிற்கிறாள். பாட்டு முடிந்தால் சபை உட்காரும். எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பும். மாப்பிள்ளை வரவில்லை என்ற செய்தி மதியத்துக்குள் மூணாறைத் தாண்டிவிடும். டீமேக்கர் என்னைப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார். கடைசி வரியிலிருந்து அப்படியே நழுவி அந்தச் சுரவரிசைக்குள் போய்விட்டார்.

ஏறினார், இறங்கினார், மறுபடி ஏறினார். எங்கே முடியும் என்று ஒருவருக்கும் தெரியாததால் ஒருவரும் உட்காரவில்லை. கமிட்டிக்காரர்கள் பாதி மடக்கிய முழங்காலோடு நின்றார்கள்.

"வெளிநாட்டுப் பாட்டு போல, நீளமாத்தான் இருக்கும்" என்று எனக்குப் பின்னால் ஒரு அம்மாள் மரியாதையாகச் சொன்னாள்.

மலைப்பாதையில் டயர் பஞ்சராகி நின்ற மாப்பிள்ளை ஜீப் வந்து சேரும்வரை சபை பயபக்தியோடு நின்றது.

விருந்து முடிந்து நன்றி சொல்லப் போனேன். அவருக்கோ ஒரே வருத்தம்.

"இப்பத்தான் கட்டைவிரல் ஒழுங்கா விழ ஆரம்பிச்சது. அதுக்குள்ள மாப்பிள்ளை வந்துட்டாரே அண்ணாச்சி."

எனக்கு அன்றைய நடுக்கம் இன்னும் போகவில்லை. மகள் வருகிற நாளில் குமுளி பஸ் தாமதமானால் கால் தானாகக் கோயிலுக்குப் போகிறது. கடைசி பெஞ்சருகே நிற்கிறேன். டீமேக்கர் திரும்பிப் பார்ப்பதில்லை. பஸ் ஹாரன் கேட்கும்வரை அந்தச் சுரவரிசையை வாசித்துக்கொண்டே இருக்கிறார்.